கேஜ் கிளாஸில் தெரியும் மலை

பாதையின் ஏற்ற இறக்கத்தை டிரைவர் கண்ணால் பார்ப்பார். ஃபயர்மேன் தண்ணீரில் பார்ப்பான். மீட்டர்கேஜில் ஒய்.ஜி. எஞ்சினுக்குக் கரி போட்டவன் நான். சீனாவின் சிச்சுவான் மாகாணத்து ஜியாயாங் கரி ரயில்பாதையைப் பார்க்கப் போனபோதும், பாய்லரின் பின்பக்கத்தில் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயான கேஜ் கிளாஸில்தான் என் கண் முதலில் நின்றது.

லெஷானுக்குத் தெற்கே, சியான்வெய் வட்டாரத்து மலைகளுக்குள் போகிறது அந்தப் பாதை. ஜப்பானியப் படையெடுப்புக் காலத்தில், 1938இல், சீனரும் ஆங்கிலேயரும் கூட்டாகத் தொடங்கிய சுரங்கம் அங்கே இருந்தது. கரியை வெளியே கொண்டுவர 1959இல் ரயில் ஓடத் தொடங்கியது. மொத்த நீளம் 19.84 கிலோமீட்டர். தண்டவாள அகலம் 762 மில்லிமீட்டர், நம் மீட்டர்கேஜில் முக்கால் பங்குதான். இந்தச் சிறு தூரத்துக்குள் 6 குகைப்பாதைகள், 109 வளைவுகள். மிக இறுக்கமான வளைவின் ஆரம் 70 மீட்டர்.

ஓடுவது சி2 வகை எஞ்சின். எங்கள் ஒய்.ஜி.யைப் போலவே அதற்கும் உந்து சக்கரம் எட்டு. ஒய்.ஜி.க்கு முன்னும் பின்னும் சிறு சக்கரங்கள் உண்டு. சி2வுக்கு அவை கிடையாது. எஞ்சினின் எடை முழுக்க உந்து சக்கரங்களின் மேலேயே உட்காருவதால் பிடிப்பு அதிகம். வேகம் வராது. மலையில் கரி இழுக்கிறவனுக்கு வேகம் எதற்கு?

மிஃபெங்யான் நிலையத்தில் பாதை முட்டி நின்று, எதிர்த்திசையில் கிளம்புகிறது. எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுகிறார்கள், திருப்புவதில்லை. அதுவரை புகைபோக்கி முன்னால் போயிருந்தால் இனி கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் முன்னால் போகும். பயணிகளுக்கு அது போட்டோ எடுக்கிற நேரம். எனக்கோ அந்தப் பாதையின் முழுக் கஷ்டமும் அங்கேதான் விளங்கியது.

புகைபோக்கி முன்னாக ஏறும்போது பாய்லரின் முன்பக்கம் உயர்ந்து, தண்ணீர் பின்னால், நெருப்புப் பெட்டிப் பக்கம் சாயும். கிளாஸில் மட்டம் நிறையக் காட்டும். டெண்டர் முன்னாக ஏறினால் நேர்மாறு: அதே தண்ணீர் முன்பக்கம் ஓடிவிட, கிளாஸ் இறங்கும். ஒரு சொட்டுக்கூடக் குறைந்திருக்காது. ஆனால் நெருப்புப் பெட்டியின் கூரைமேல் நிற்கும் தண்ணீர் மெலிந்திருக்கும். அந்தக் கூரை காய்ந்தால் முதலில் அதில் பதித்த ஈய பிளக் உருகும். அதையும் கவனிக்காமல் விட்டால் பாய்லர் வெடிக்கும். ஆகவே கிளாஸ் காட்டுகிற அளவு ஃபயர்மேனுக்குப் போதாது. எஞ்சின் எந்தப் பக்கம் பார்க்கிறது, அடுத்து ஏற்றமா இறக்கமா என்பதையும் சேர்த்தே அவன் மட்டத்தைப் படிக்க வேண்டும்.

கரி போடுவதும் அப்படித்தான். ஏற்றத்தில் ஏறிக்கொண்டே நெருப்பை வளர்க்க முடியாது; அடிவாரத்திலேயே தயாராக இருக்க வேண்டும். ஏறத் தொடங்கியதும் புகைபோக்கி வழியாகப் பாய்கிற ஸ்டீம் நெருப்பை உறிஞ்சி இழுக்கும். மெல்லிய இடத்தில் ஓட்டை விழுந்து, அந்த வழியே குளிர்காற்று புகுந்தால் பிரஷர் சரியும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, வெளிறிய இடம் பார்த்துப் போட வேண்டும். பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டரைத் திறந்தாலும் பிரஷர் இறங்கும். அதனால் எஞ்சினை மாற்றி மாட்டுகிற அந்தச் சில நிமிடங்கள் ஃபயர்மேனுக்குக் கிடைக்கிற வரம். நெருப்பைச் சமப்படுத்தவும் தண்ணீர் ஏற்றவும் அதைவிட நல்ல நேரம் கிடையாது. அங்கே வேலை பார்த்தவரோடு பேச எனக்குப் பாஷை இல்லை. ஆனால் அந்த நிமிடங்களில் அவர் செய்ததெல்லாம் ஷெட்டில் என் மேஸ்திரி எனக்குச் சொல்லிக்கொடுத்தவையே.

மலை உச்சிப் பக்கத்துச் சுரங்கத்தில் கரி தீர்ந்த பிறகும் ரயில் நிற்கவில்லை. வழியோர ஊர்களுக்கு அப்போது சாலை இருக்கவில்லை. காய்கறியும் கோழியும் பள்ளிப் பிள்ளைகளும் அதில்தான் போய்வந்தார்கள். சுற்றுலா பின்னால்தான் சேர்ந்தது. 2006இல் லெஷான் நகரம் இந்த ரயில்பாதையைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்ததால் கரி போடும் வித்தையும் மூத்தவர் கையிலிருந்து இளையவர் கைக்குப் போயிற்று. இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

நம் ஊரில் பழைய எஞ்சின்களை வர்ணம் பூசி நிறுத்தியிருக்கிறோம். நீலகிரி ரயிலிலும் பல எஞ்சின்கள் எண்ணெய்க்கு மாறிவிட்டன. ஆனால் ஸ்டீம் ஷெட்டுகளில் உழைத்தவர்கள் விழுப்புரத்திலும் திருச்சியிலும் மதுரையிலும் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒரு தாத்தா இருந்தால், எந்த ஏற்றத்துக்கு எப்படி நெருப்பு வைத்தார் என்று கேளுங்கள். அவர் சொல்வதைச் செல்போனில் பதிவு செய்து வையுங்கள்.