குழல் விட்டமும் விலா எலும்பும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நன்றி நவிலும் திருநாளை அடுத்துவரும் திங்கட்கிழமையன்று பள்ளிக்கூடங்கள் பல பூட்டிக் கிடக்கும். அது சமயத் திருநாளுமன்று. தலைவர் எவரேனும் பிறந்த நாளுமன்று. 1963 முதல் நெடுங்காலம் அந்தத் திங்கள்தான் ரைபிள் கொண்டு மான் வேட்டையாடும் பருவத்தின் தொடக்க நாளாக இருந்தது. பள்ளியைத் திறந்து வைத்தாலும் வருகைப் பதிவேட்டில் பல கட்டங்கள் வெறுமையாகவே இருக்கும். அவற்றை நிரப்ப வேண்டிய ஆசிரியரும் காட்டில்தான் இருப்பார். 2019-இல் தொடக்க நாள் சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டது. ஆயினும் திங்கட்கிழமை விடுமுறையைப் பல பள்ளிகள் கைவிடவில்லை.

அம்மாநிலத்தில் பன்னிரண்டு வயது நிறைந்த சிறுவன், வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறினால் உரிமம் பெறலாம். உரிமம் கைக்கு வருமுன்னரே வீட்டில் வழக்காடல் தொடங்கிவிடும். அவனுக்கு எந்த அளவுத் துப்பாக்கி வாங்குவது? பாட்டனார் ஒன்றைச் சொல்வார். தந்தை வேறொன்றைச் சொல்வார். கடைக்காரர் தம்மிடம் விற்காமல் கிடக்கும் மூன்றாவதொன்றைப் புகழ்வார். தமிழ் வாசகருக்கு இஃது அயல் வீட்டுத் திண்ணைப் பேச்சாகத் தோன்றலாம். ஆனால் அப்பேச்சின் உள்ளே கிடப்பது, ஓர் உயிர் எத்தனை நொடியில், எவ்வளவு துன்பத்தோடு பிரிகிறது என்னும் வினா. அதனால் சற்றுக் காது கொடுக்கத் தகும்.

முதலில் பெயர்களின் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். காலிபர் என்பது குழலின் உள்விட்டம். ஆங்கில மரபில் அங்குலத்தின் பின்னமாகச் சொல்லப்படுவது. ஆனால் பெயரை நம்பி அளவை அறிய முயல்பவன் ஏமாறுவான். .270 எனப்படும் தோட்டாவின் குண்டு உண்மையில் .277 அங்குலம். .30-30 என்பதில் முதல் முப்பது விட்டம். இரண்டாம் முப்பது அக்காலத்தில் அதில் நிரப்பிய புகையிலா வெடிமருந்தின் கிரெயின் எடை. .30-06 என்பதிலோ பின்னிரண்டு எண்கள் எடையைக் குறிப்பன அல்ல. அமெரிக்கப் படை அதனை ஏற்ற 1906 என்னும் ஆண்டைக் குறிப்பன. இம்மூன்றில் .30-30, .30-06 இரண்டின் குண்டும் ஒரே விட்டம், அதாவது .308 அங்குலம். விட்டம் ஒன்றாயினும் பின்னாலிருக்கும் பித்தளைக் கூட்டின் கொள்ளளவு வேறு. ஆதலின் வேகம் வேறு. ஆகவே காலிபர் எது என்று கேட்பவன் உண்மையில் கேட்பது தோட்டா எது என்பதையே.

பாட்டனார் சொல்லும் துப்பாக்கி பெரும்பாலும் வின்செஸ்டர் 1894 ஆகவே இருக்கும். ஜான் பிரௌனிங் வடிவமைத்தது. கீழே உள்ள நெம்பை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா உள்ளே போகும். .30-30 தோட்டா 1895-இல் அதற்கென வெளிவந்தது. 170 கிரெயின் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 2,200 அடி வேகத்தில் புறப்படும். இன்றைய கணக்கில் இது மெதுவான குண்டு. அதன் தோட்டாக்கள் குழலின் அடியிலுள்ள நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பவை. கூர்முனைக் குண்டு வைத்தால் அது முன்னுள்ள தோட்டாவின் எரியூட்டியைக் குத்திவிடக்கூடும். எனவே முனை மழுங்கிய குண்டே அதற்கு வழக்கம். மழுங்கிய முனை காற்றில் வேகத்தை விரைவில் இழக்கும். 100 கெசத்துக்குச் சரிபார்த்து வைத்த .30-30, 200 கெசத்தில் ஏறத்தாழ 8 அங்குலம் தாழ்ந்துவிடும். ஆனால் பென்சில்வேனியாவின் அடர்ந்த காட்டில் 200 கெசம் கண்ணுக்கே எட்டாது. மான் தோன்றுவது பெரும்பாலும் நூறு கெசத்துக்குள்தான். அவ்விடத்துக்கு அந்தப் பழைய துப்பாக்கியே போதும் என்று பாட்டனார் சொல்வதில் பிழையில்லை.

மேற்கே போனால் கதை வேறு. அரிசோனா, ஐடஹோ போன்ற திறந்த மலைநாடுகளில் மான் ஒரு சரிவில் நிற்கும். வேட்டைக்காரன் எதிர்ச் சரிவில் கிடப்பான். அங்கே புகழ் பெற்றது .270 வின்செஸ்டர். .30-03 கூட்டின் கழுத்தை ஒடுக்கி 1925-இல் வெளியிட்டது. 130 கிரெயின் குண்டு, விநாடிக்கு மூவாயிரம் அடிக்கும் சற்று மேல். இதற்குப் புகழ் தேடித் தந்தவர் ஜாக் ஓ'கானர். அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் இதழியலும் கற்பித்த ஆசிரியர். பின்னர் 'அவுட்டோர் லைஃப்' இதழின் துப்பாக்கிப் பகுதிக்கு ஆசிரியரானார். வகுப்பறையில் பழகியவர் என்பது அவர் எழுத்தின் தெளிவில் தெரியும். இலேசான குண்டு, மிகுந்த வேகம், சரியான இடம் என்பது அவர் கட்சி. ஐடஹோவின் எல்மர் கீத் எதிர்க்கட்சி. குண்டு பருமனாகவும் கனமாகவும் இருக்கவேண்டும், எந்தக் கோணத்தில் பட்டாலும் உள்ளே ஊடுருவ வேண்டும் என்றார் அவர். 1978-இல் ஓ'கானரும் 1984-இல் கீத்தும் மறைந்தனர். வழக்கு இன்னும் மறையவில்லை. இருவர் எழுத்தையும் வைத்து எண்ணிப் பார்த்தால், கீத்தின் வாதம் கனத்த எல்க் மானை மனத்தில் வைத்துப் பிறந்தது என்பது புலப்படும். வெண்வால் மானுக்கு அவ்வளவு பளு தேவையில்லை. இந்த அளவில் ஓ'கானர் பக்கமே நியாயம் மிகுதி.

வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்துச் சென்றதாகப் புறநானூற்றுப் புலவர் வியந்தார். இன்றைய வேட்டை ஆசிரியரிடம் அந்த அம்பைக் காட்டினால், வியப்பதற்கு முன் அவர் கேட்கும் கேள்வி, உடும்புக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்பதாகத்தான் இருக்கும்.

தந்தையார் .30-06 என்பார். 180 கிரெயின் குண்டு, 2,700 அடி வேகம், ஏறத்தாழ 2,900 அடி-பவுண்டு ஆற்றல். மானுக்கு ஆயிரம் அடி-பவுண்டு போதும் என்பது வேட்டைக்காரர் வழங்கும் பழைய விதி. மீதி ஆற்றல் எங்கே போகிறது? ஒரு பகுதி மானின் மறுபக்கத்து மண்ணில். இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது சிறுவனின் தோளில் எழுதப்படுவது. துப்பாக்கியின் எடையைப் பொறுத்து மாறுமெனினும், .30-06 பின்னால் உதைக்கும் உதை ஏறத்தாழ 20 அடி-பவுண்டு. .30-30 இல் அது பதினொன்று அளவில் நிற்கும். 1955-இல் வந்த .243 இல் அது பத்துக்கும் குறைவு. அதன் 100 கிரெயின் குண்டோ 1,900 அடி-பவுண்டுக்கு மேல் ஆற்றலுடன் புறப்படுகிறது.

உதைக்கு அஞ்சியவனின் கண், விசையை இழுக்கும் நொடியில் தானாக மூடிக்கொள்ளும். தோள் முன்னே துள்ளும். குழல் அரை விரற்கடை அசையும். அதற்குள் குண்டு புறப்பட்டுவிடும். இது கோழைத்தனமன்று, உடலின் இயல்பு. ஒருமுறை படிந்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் போகாது. பெருந்துப்பாக்கியைச் சிறுவன் கையில் கொடுத்து, ஆண்பிள்ளைக்கு இது தாங்காதா என்று கேட்கும் பெரியவர்கள், குறி தவறும் பழக்கத்தையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். ஓ'கானரின் துணைவியார் எலினாரும் தேர்ந்த வேட்டைக்காரர். உதை குறைந்த 7 மில்லிமீட்டர் மௌசர் தோட்டாவை அவர் விரும்பிக் கையாண்டார். அவர் குறி தப்பாதவர் என்பதைக் கணவரே பெருமையோடு எழுதியிருக்கிறார்.

விட்டத்தைப்பற்றி இவ்வளவு வழக்காடுவோர், குண்டின் உட்கட்டைப்பற்றி அதில் பாதியும் பேசுவதில்லை. மானைக் கொல்வது எண்ணன்று. குண்டு உள்ளே சென்று என்ன ஆகிறது என்பதே. முழுவதும் செப்புறை போர்த்த படைக்குண்டு ஊசிபோல் துளைத்து மறுபுறம் போய்விடக்கூடும். மான் நெடுந்தூரம் ஓடி எங்கோ ஒரு புதரில் மெல்ல மெல்ல மடியும். முனையில் ஈயம் வெளித்தெரியும் குண்டு, தசையில் பட்டதும் காளானைப்போல் விரியும். உயிர் விரைவில் பிரியும். கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் செய்யப்பட்டுப் பெயர் பெற்ற குண்டுகள் இவ்வகையினவே. அவற்றைப் போரில் மனிதர்மேல் பயன்படுத்தலாகாது என்று 1899-இல் ஹேக் நகரத்து அறிக்கை விலக்கியது. இங்கிலாந்தின் 1991-ஆம் ஆண்டு மான் சட்டமோ, மானை ரைபிளால் சுடுவோர் விரியும் குண்டையே பயன்படுத்தவேண்டும் என்கிறது. ஒரே குண்டு, மனிதனுக்குக் கொடுமை என்று விலக்கப்பட்டது. மானுக்கு இரக்கம் என்று விதிக்கப்பட்டது. முரண்போலத் தோன்றினும் இரண்டுக்கும் காரணம் உண்டு. காயமுற்ற போர்வீரனை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல ஆள் உண்டு. காயமுற்ற மானுக்கு யாரும் இல்லை.

அதே சட்டம் குழல் விட்டம் .240 அங்குலத்துக்கும், புறப்படும் ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்கும் குறையக்கூடாது என்றும் வரையறுத்தது. மண்ட்ஜாக், சீன நீர்மான் ஆகிய சிறு மான்களுக்கு மட்டும் 2007-இல் இவ்வளவு தளர்த்தப்பட்டது. ஒஹையோ மாநிலத்தின் கவலை வேறு. அங்கே நிலம் சமவெளி. பண்ணை வீடுகள் நெருக்கம். குறி தவறிய ரைபிள் குண்டு யார் வீட்டு வாசலுக்கும் போகலாம். அதனால் நெடுங்காலம் ஷாட்கன்னையே அனுமதித்த அம்மாநிலம், 2014-இல்தான் நேர்ச்சுவர்க் கூடு கொண்ட, தொலைவு குறைந்த தோட்டாக்களுக்கு இடங்கொடுத்தது. 2019-இல் வந்த .350 லெஜண்ட் போன்றவை இத்தகைய சட்டங்களை மனத்திற்கொண்டே பிறந்தவை.

ஈயத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. விரியும் குண்டிலிருந்து சிதறும் நுண்துகள்கள், காட்டில் விட்டுச்செல்லப்படும் குடலில் தங்கும். அதைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகள் நஞ்சேறி மடியும். கலிபோர்னியக் காண்டோர் கழுகு 1982-இல் வெறும் 22 ஆகக் குறுகிப்போனது. மீட்பு முயற்சிக்குப் பின்னும் அதற்குப் பெரும்பகை ஈயமாகவே இருந்தது. 2013-இல் இயற்றிய சட்டப்படி, 2019 ஜூலை முதல் நாளிலிருந்து கலிபோர்னியாவில் வேட்டைக்கு ஈயக்குண்டு முற்றிலும் விலக்கு. முழுச் செம்புக் குண்டு ஈயத்தைவிட இலேசானது. ஆகவே ஒரே எடைக்குச் சற்று நீளமானது. விரிவதற்கு வேகமும் கொஞ்சம் வேண்டும். காலிபர் வழக்கில் இப்படிக் கழுகும் ஒரு கட்சிக்காரராக வந்து சேர்ந்தது.

இனி விலா எலும்புக்கு வரலாம். பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, விலாவின் உள்ளே நெஞ்சும் நுரையீரலும் அடங்கிய இடம் ஒரு சோற்றுத் தட்டின் அகலந்தான். அங்கே .243 பட்டாலும் .30-06 பட்டாலும் முடிவில் பெரிய வேறுபாடு இராது. நுரையீரலில் அடிபட்ட மான்கூட உடனே விழாமல் ஐம்பது, நூறு கெசம் ஓடி விழுவது உண்டு. அத்தட்டுக்கு ஒரு சாண் பின்னே பட்டால், எத்துணைப் பெரிய காலிபரும் உதவாது.

அப்போது வேட்டைக்காரன் தரையைப் படிக்கவேண்டும். இளஞ்சிவப்பில் நுரைத்த குருதி என்றால் நுரையீரல். அரைமணி பொறுத்துப் பின்தொடரலாம். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். பச்சை கலந்து நாற்றம் வீசினால் குடல். அதற்குப் பல மணிநேரம் காத்திருக்க வேண்டும். பொறுக்காமல் துரத்தினால், படுத்த மான் மீண்டும் எழுந்து ஓடும். குருதித் தடமும் அறுந்துபோகும். பனி பெய்யும் இரவாயின் விடியுமுன் தடம் மூடிப்போகும். பல மாநிலங்களில், கயிற்றில் பிடித்த மோப்ப நாயைத் தேடுவதற்கு அழைத்துச் செல்லச் சட்டம் இடந்தருகிறது. நாய் வரும்வரை, கடைசியாகத் துளி கண்ட இலைமீது ஒரு துணித்துண்டைக் கட்டிவைத்துவிட்டு, அந்த இடத்தை மிதிக்காமல் விலகி நிற்பதுதான் முறை.