அப்பாவின் கட்டைவிரல்

அப்பாவின் 1972 மாடல் ஃபியட்டைக் கழற்றும்போது மகா உற்சாகமாக இருந்தேன். மாட்டும்போதுதான் தெரிந்தது விவகாரம்!

ஆறு ஞாயிற்றுக்கிழமை போச்சு. டைனமோ, வாட்டர் பம்ப், கார்ப்பரேட்டர் எல்லாம் ஏற்றி, ஃபேன் பெல்ட்டையும் இழுத்துக் கட்டியாச்சு. (ஒரு நட்டு மிச்சம். கண்டுக்காதீங்க!) டிஸ்ட்ரிபியூட்டரைச் சொருகி, 1-3-4-2 வரிசையில் ஒயர் கொடுத்து சாவியைத் திருகினால்... டமால்! கார்ப்பரேட்டர் வழியாகத் தீ. வாசலில் படுத்திருந்த நாய் அடுத்த தெருவுக்குக் குடிபோயிற்று.

ஈஸி சேரில் இருந்து அப்பா கேட்டார். "பிஸ்டன் மேல வந்ததும் மாட்டிட்டியா?"

"ஆமாப்பா."

"அது ரெண்டு தடவை மேல வரும்டா. ஒண்ணு கம்ப்ரெஷன். இன்னொண்ணு புகையை வெளியே தள்ள. நீ எதுல மாட்டினே?"

முழித்தேன்.

அப்பாவுக்கு நாலு வருஷமாகக் கை நடுக்கம். காபி டம்ளரைக்கூட அம்மாதான் பிடித்துக் கொள்வாள். மெல்ல எழுந்து வந்தார். முதல் பிளக்கைக் கழற்றச் சொல்லி, அந்த ஓட்டையில் கட்டைவிரலை வைத்தார். விரல் ஆடியது. நான் ஹேண்டிலைச் சுற்றினேன்.

"ம்... காத்து தள்ளுது... நிறுத்து! இப்பப் பாரு."

ரோட்டார், ஒண்ணாம் நம்பருக்குப் பதில் நேர் எதிரே நாலாம் நம்பரைப் பார்த்து நின்றது. ஒயர்களை மாற்றிக் கொடுத்தேன். கிளம்பிடுச்சு ஸார்!

அம்மா துணியோடு வந்தாள். ராத்திரி சாப்பாடு வரைக்கும் அந்தக் கரியைத் துடைக்க விடவே இல்லை அப்பா.