பழங்கதிரை வாங்குமுன்

'கதிரை' என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து நாம் பெற்றது. அதனாலோ என்னவோ, "ஒல்லாந்தர் காலத்துக் கதிரை" என்று வியாபாரி சொன்னதும் நம்பிவிடுகிறோம். மெருகில் மயங்காது கதிரையை முதலிற் கவிழ்த்துப் பார்த்தல் வேண்டும். முதிரையா, சாயம் பூசிய மலிவு மரமா என்பது பெரும்பாலும் அடிப்புறத்திலேதான் வெளிப்படும். உளுத்துளைகளிலிருந்து புதுத்தூள் உதிர்ந்தால் விட்டுவிடுக. வீட்டிலுள்ள மற்றத் தளபாடங்களையும் அது கெடுக்கும். பொருத்துகள் ஆடுவதை ஆணியடித்து மறைத்திருந்தாலும் வேண்டாம். பிரம்பு அறுந்திருப்பதோ பெருங்குறையன்று, மீளப் பின்னுவிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அமரப்போகிறவரையே அமர்த்திப் பார்த்தல் வேண்டும். சாய்மனைக் கதிரை வாங்க எங்கள் பாட்டனாரையே கடைக்கு அழைத்துச் சென்றோம். அழகிய இரண்டிலும் சாய்ந்தவரை நாமே தூக்கிவிட நேர்ந்தது; அவர் முகம் வாடிற்று. மூன்றாவதிலிருந்து எவர் கையையும் பற்றாது எழுந்தார். அதன் பிரம்பு அறுந்திருந்தது. விலை பேசத் தொடங்கினோம்.