சேர்த்தால் ஏழு

லாரிக்குப் பாடி கட்டுவதில் நாமக்கல்லுக்கு நாடு முழுக்கப் பெயர். அதே சாலைகளின் ஓரத்தில் இன்ஜின் வேலை பார்க்கும் பட்டறைகளும் இருக்கின்றன. அப்படி ஒன்றில், கோளாறு கண்டுபிடிப்பதில் பேர் போன மேஸ்திரி ஒருவரின் வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்கப் போயிருந்தேன்.

அன்று வந்து நின்றது ஒரு பழைய டாடா தண்ணி லாரி. 697 இன்ஜின், ஆறு சிலிண்டர், 97 மி.மீ. போர், 128 மி.மீ. ஸ்ட்ரோக். வேறு ஊரில் லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதிதாகப் போட்டு, வால்வு லேப்பிங் செய்து, ஹெட் கேஸ்கெட்டும் மாற்றியிருந்தார்கள். பெரிய செலவு. ஆனாலும் ஐட்லிங்கில் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது. கேபின் கதவு தடதடக்கிறது; சைலன்சரில் வெள்ளைப் புகை, கண்ணை எரிக்கும் பச்சை டீசல் வாடை.

"ஆக்ஸிலேட்டர் குடுத்தா ஒண்ணும் தெரியலீங்க. கால எடுத்தா உதறுது. பிஸ்டன் வேலைல தப்பா இருக்குமுங்களா?" என்றார் ஓனர். மறுபடி இன்ஜினை இறக்க வேண்டுமோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது.

"பிஸ்டன அப்புறம் பாக்கலாங்க" என்ற மேஸ்திரி, டிரைவரிடம் திரும்பினார். "கடைசியா எதுல கை வெச்சாங்க தம்பி?"

"கொஞ்சம் ஓட்டிட்டு வரச் சொன்னாங்கண்ணா. அப்புறம் ஹெட் போல்ட்ட மறுக்கா டைட் வெச்சாங்க."

மேஸ்திரி தலையாட்டினார். அதற்குள் எதையும் முடிவு கட்டவில்லை.

ஐட்லிங்கில் இன்ஜின் எதையும் மறைக்க முடியாது. நிமிடத்துக்கு 600 சுற்று என்று வையுங்கள். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு அடி. ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு ஐந்து முறை அடிக்கிறது, ஆறும் சேர்ந்து முப்பது. ஒன்று விட்டுப்போனால் நொடிக்கு ஐந்து இடைவெளி. பழகிய காது அதைப் பிடித்துவிடும். வேகம் கூடினால் ஃப்ளைவீலின் வேகம் அந்த இடைவெளிகளை இழுத்துக்கொண்டு போய்விடும். கசியும் வால்வு வழியாகக் காற்று தப்புவதற்கும் நேரம் போதாது. அதனால்தான் கால் வைத்தால் சரியாகி, எடுத்தால் உதறியது.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடித்த விதம் எளிமையானது. ஆற விட்டிருந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரத்திலேயே, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையிலும் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தார். ஐந்து இடத்தில் சுர்ரென்று காய்ந்தது. நாலாவதில் சொட்டு வழிந்து இறங்கியது. அடுத்து, நாசிலுக்குப் போகும் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாக லூசாக்கி இறுக்கினார். மற்ற எந்த நட்டை லூசாக்கினாலும் சத்தம் மாறி இன்ஜின் இன்னும் தள்ளாடியது. நாலாவதை லூசாக்கியபோது எந்த மாற்றமும் இல்லை. ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டரை நிறுத்தினால் என்ன தெரியப் போகிறது?

பிறகு நாலாவது நாசிலையும் ஐந்தாவதையும் இடம் மாற்றிப் போட்டார். கோளாறு கூடவே நகர்ந்திருந்தால் பழி நாசில் மேல். நகரவில்லை, நாலிலேயே நின்றது. "சரி, மூடியக் கழட்டு" என்றார் பையனிடம்.

இந்த இடத்தில்தான் இந்தத் தொழிலின் கணக்கைப் பார்த்தேன். இந்த இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. ஒன்றும் ஆறும், இரண்டும் ஐந்தும், மூன்றும் நாலும் ஜோடி. ஜோடியில் ஒன்றின் இரண்டு வால்வும் சேர்ந்து ஆடும் நேரத்தில், மற்றதன் வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும். டேப்பட் இடைவெளி வைக்க அதுதான் நேரம்.

"ரெண்டையும் சேத்தா ஏழு வரணும் கண்ணு. மூணு ஆடுறப்ப நாலப் பாரு" என்று பையனுக்குச் சொல்லிக்கொண்டே இன்ஜினைக் கம்பியால் திருப்ப வைத்தார். ஃபீலர் கேஜை நாலாவது எக்ஸாஸ்ட் டேப்பட்டில் நுழைத்தார். நுழையவே இல்லை.

புதுக் கேஸ்கெட் சூடேறி அமுங்கிய பிறகு ஹெட் போல்ட்டை மறுபடி டைட் வைத்தது சரியான வேலைதான். ஆனால் ஹெட் கீழே இறங்க இறங்க டேப்பட் இடைவெளியும் குறையும். அதை மறுபடி வைக்காமல் விட்டிருக்கிறார்கள். நாலாவது முதலிலேயே இறுக்கமாக இருந்திருக்க வேண்டும். மிச்சமிருந்த இடைவெளியும் போய், வால்வு முழுசாக உட்காராமல் கம்ப்ரஷனை விட்டுக்கொண்டிருந்தது. மேஸ்திரி லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பி, கேஜ் லேசாகப் பிடித்து நழுவும்படி வைத்தார். மற்ற பதினொன்றையும் சரிபார்த்தார். ஸ்டார்ட் செய்ததும் கேபின் கதவு அடங்கியது.

பக்கத்து ஷெட்டில் அவர் மகன் புது வண்டிகளைப் பார்க்கிறார். காமன் ரெயில் இன்ஜினில் பைப்பை லூசாக்கும் வேலையே கூடாது. 1,600 பாருக்கு மேல் போகும் அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அங்கே ஸ்கேனர்தான் காது. பல இன்ஜின்களில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனி கோட் உண்டு. ஹெட் வேலை முடித்து இன்ஜெக்டர்களை இடம் மாற்றிப் போட்டுவிட்டு, அந்தந்தக் கோட் எண்ணை இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசிஎம்மில் ஏற்றாமல் விட்டால் ஐட்லிங் உதறலாம். அவரும் முதலில் கேட்பது, "கடைசியா எதுல கை வெச்சாங்க?"

இவர்கள் புகைக்கு நடுவில் நின்றுதான் இதையெல்லாம் கேட்கிறார்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதிசெய்தது. புகையை வெளியே இழுக்கும் குழாய் அந்த ஷெட்டில் இல்லை. அது ஒவ்வொரு பட்டறையிலும் இருக்க வேண்டும்.

பில் பேசும்போது ஓனர், "சாமான் ஒண்ணுமே மாத்தலியேங்க" என்றார். கெட்ட மனிதரல்ல, ஊர் வழக்கத்தைச் சொன்னார். சாமானுக்கும் கழற்றி மாட்டும் கைக்கும் கூலி உண்டு, கோளாறைக் கண்டுபிடித்த அறிவுக்குக் கிடையாது என்பதே அந்த வழக்கம். இது நியாயமில்லை. இன்ஜினை இறக்கியிருந்தால் ஓனருக்கு எத்தனை ஆயிரம் போயிருக்கும், வண்டி எத்தனை நாள் நின்றிருக்கும்! இறக்காமல் காப்பாற்றிய வேலைக்குக் கூலி கிடைக்காவிட்டால், பொறுமையாக ஒவ்வொன்றாகத் தேடும் மெக்கானிக்கைவிட எடுத்ததும் சாமான் மாற்றுகிறவருக்கே வருமானம் அதிகம். அப்புறம் அந்தப் பையன் எதற்காக ஏழு கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டும்? பில்லில் 'கோளாறு பார்த்த கூலி' என்று தனியாக ஒரு வரி எழுதட்டும். நாம் அதைப் பேரம் பேசாமல் கொடுப்போம்.