நான்காம் வகுப்பு

டோக்கியோவின் புறநகரில் என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய சாமான் கடை இருக்கிறது. அதன் கடைசி அலமாரிக்கு 'ஜங்க்' என்று பெயர். குப்பை என்று அர்த்தமில்லை. ஓடுமா ஓடாதா என்பதற்குக் கடை பொறுப்பில்லை, வாங்கினால் திருப்பித் தர முடியாது, அவ்வளவுதான். போன குளிர்காலத்தில் அந்த அலமாரியில்தான் அதைப் பார்த்தேன். டாமியாவின் புரூசர். 1985இல் வந்த ரிமோட் வண்டி. டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கியது. என் மாத வாடகையில் பாதி விலை. வீட்டில் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன்.

2012இல் டாமியாவே இதை மறுபடி வெளியிட்டது. புதுசு வாங்கி ஓட்டிவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். எனக்குப் பழையதில் பிடித்தது அதன் ஒளிவுமறைவின்மை. புதியதில் வேகத்தை ஒரு எலக்ட்ரானிக் டப்பா பார்த்துக்கொள்கிறது. பழையதில் ஒரு சின்ன செர்வோ மோட்டார் கையை நீட்டித் தாமிரத் தகடுகள்மேல் ஒரு தொடுமுனையை நகர்த்தும். மெதுவாகப் போக வேண்டுமென்றால் கரண்ட் ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். மிச்சமாகும் சக்தி முழுக்கச் சூடாகும். வீண்தான். ஆனால் எது எதைத் தள்ளுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். பத்து வருஷமாக யாரும் கண்ணால் பார்க்க முடியாத பொருள்களையே செய்து பிழைப்பவனுக்கு அது பெரிய விஷயம்.

அடியில் இரும்புச் சட்டம், நிஜ லாரியில் இருப்பதுபோல வில்பட்டை, மூன்று கியர். ஓடும்போதே ரிமோட்டிலிருந்து கியர் மாற்றலாம். மாற்றத்தான் முடியவில்லை. உள்ளே கிரீஸ் பழைய மெழுகுபோல இறுகிக் கிடந்தது.

முதல் நாளே இரண்டு ஸ்க்ரூவின் தலையைக் கெடுத்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்டார் ஸ்க்ரூடிரைவரைத்தான் போட்டேன். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஜப்பானிய ஸ்க்ரூவின் வெட்டு வேறு. நம்முடையது அதில் முழுதாக உட்காராமல் நழுவி ஓரத்தைத் தின்றுவிடும். சரியான டிரைவர் வாங்கியபிறகு ஒவ்வொன்றும் 'டக்' என்று விட்டுக்கொடுத்தது. பல்சக்கரங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்து டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன். இங்கே குளிர்காலத்தில் ஹீட்டருக்கு ஊற்ற மண்ணெண்ணெய் பல வீடுகளில் இருக்கும். இரண்டு வாரத்தில் முதல் இரண்டு கியரும் விழ ஆரம்பித்தன.

பிறகு பெயிண்ட். பெட்டிப் படத்தில் இந்த வண்டி நீலம். என் கைக்கு வந்தது சிவப்பு. ஸ்ப்ரே இல்லை, பிரஷ்ஷால் அடித்தது. வழிந்து திட்டுத்திட்டாக உறைந்திருந்தது. கதவோரம் ஒரு கட்டைவிரல் ரேகைகூடப் பதிந்திருந்தது. காயும் முன்பே யாரோ தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அப்போது அது வெறும் பிழையாகத்தான் தெரிந்தது.

பழைய பெயிண்டை உரிக்க இந்த ஊர் மாடல்காரர்களுக்கு ஒரு வழி உண்டு. கார் பெட்ரோல் டேங்கில் தேங்கும் தண்ணீரைப் போக்க விற்கும் மருந்து பெரும்பாலும் ஐசோபுரொபைல் ஆல்கஹால்தான். அதில் ஊறவைத்தால் பெயிண்ட் தோலாக உரிந்துவரும், ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்குக் கெடுதல் இல்லை. பால்கனியில் ஒரு தொட்டியில் ஊற்றி, வண்டியின் முன்பகுதியை முழுக்க அமுக்கினேன். பின்பகுதிக்கு இடம் போதவில்லை. அது நாளைக்கு.

"பொம்மையைக் குளிப்பாட்டுறீங்களா?" என்றாள் மனைவி, துணி காயப்போட வந்தவள்.

ஒரு மணி நேரம் கழித்துத் திருப்பினேன். சிவப்புக்குக் கீழே பாதிவரை நீலம் இருந்தது. அந்தக் கை பெட்டிப் படத்தைப் பார்த்து நீலத்தில் ஆரம்பித்து, டப்பா தீர்ந்ததோ மனசு மாறியதோ, சிவப்புக்குப் போயிருக்கிறது. கூரையின் உள்பக்கம் கறுப்பு மார்க்கர் மை கலைந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் துணியால் ஒற்றும்போது படிக்க முடிந்தது இரண்டே எழுத்து: 'நான்காம் வகுப்பு'. இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சிலிலிருந்து செருப்புவரை எல்லாவற்றிலும் வகுப்பு, பிரிவு, பெயர் என்று எழுதிவைப்பார்கள். பிரிவும் பெயரும் தொட்டிக்குள் சாம்பல் நிறப் புகையாகக் கலந்திருந்தன. ஜன்னல் கண்ணாடியைக் கழற்றியபோது ஒரு தடவை நிமிர்த்திப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

எங்கள் வேலையில் பழைய கோடில் புரியாத வரி கண்ணில் பட்டால், அழிக்கும் முன் யார் எழுதியது, எப்போது, ஏன் என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு. புதிதாகச் சேர்கிறவர்களிடம் அதை ஓட்டாமல் கை வைக்காதே என்று சொல்கிறவன் நான்.

வாங்கிய புதிதிலேயே ஓட்டியிருந்தால் அந்தப் பையனுக்கோ பெண்ணுக்கோ இப்போது ஐம்பது வயது இருக்கும். கடையில் போய்க் கேட்டேன். விற்றவர்கள் விவரம் சொல்ல முடியாது என்று தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார் கடைக்காரர். நியாயம்தான். பெயர் தெரிந்திருந்தாலும் நான் போய் என்ன சொல்லியிருப்பேன்?

பின்பகுதி தொட்டியில் இறங்கவில்லை. வழிசலோடு சிவப்பாகவே இருக்கிறது. முன்பகுதிக்கு வாங்கிய நீல ஸ்ப்ரே மூடி திறக்காமல் அலமாரியில் இருக்கிறது. அதை அடிப்பதா, ஒரு சிவப்பு டப்பாவும் பிரஷ்ஷும் வாங்கி அந்த வழிசலைப் போலி செய்வதா என்று கொஞ்ச நாள் குழம்பினேன். இரண்டாவது பொய் என்று பட்டது. இப்போதைக்கு வண்டி முன்னால் அம்மணமாகவும் பின்னால் சிவப்பாகவும் ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தமா ஆற்றங்கரைக்கு எடுத்துப்போகிறேன். கூழாங்கல் மேட்டில் முதல் கியரில் முக்கி முனகி ஏறுகிறது. பத்து நிமிஷத்தில் ரெசிஸ்டர் சுட ஆரம்பித்துவிடும், நிறுத்தி ஆறவிட வேண்டும். மூன்றாவது கியர் இன்னும் சரியாக விழவில்லை, கரகரவென்று சத்தம் வருகிறது. வாஷர் ஒன்று கூடுதலாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.