தூங்காத இரவுக்கு யார் பொறுப்பு?



திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுராவுக்கு அப்பால், அகத்தியர் மலைக்குச் செல்லும் வழியில் இருக்கிறது போனக்காடு. வெள்ளையர் காலத்துத் தேயிலைத் தோட்டம் அது. தொழிற்சாலை மூடப்பட்டு, கூலியும் நின்றுபோன பின்பு, லயங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பிழைப்புத் தேடி நகரங்களுக்கு இறங்கினார்கள். அவர்களில் லாரி ஓட்டுகிறவர்களும் உண்டு. "பாஸ்டர், பையனுக்கு ராத்திரி வண்டி, ஜெபம் பண்ணுங்க" என்று தாய்மார் கேட்கும்போதெல்லாம் ஜெபிக்கிறேன். ஆனாலும், அவன் ஏன் உறங்காமல் ஓட்டவேண்டியிருக்கிறது என்ற கேள்வியும் என் உள்ளத்தில் எழாமலில்லை.

2020 பிப்ரவரி 20 அதிகாலையில், அவிநாசி அருகே, கேரளத்திலிருந்து வந்த கண்டெய்னர் லாரி ஒன்று சாலைத் தடுப்பைத் தாண்டி, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் சென்ற கேரள அரசுப் பேருந்தின்மேல் மோதிற்று. 19 பேர் மாண்டார்கள். லாரி ஓட்டுநர் கண்ணயர்ந்ததே காரணம் என்று விசாரணையில் தெரியவந்ததாகச் செய்திகள் கூறின. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் நான்கே நொடி கண்மூடினால், வண்டி ஏறத்தாழ 90 மீட்டர் தூரம் ஓட்டுவாரின்றி ஓடிவிடும். தேநீரும் வெற்றிலைபாக்கும் உறக்கத்தைச் சற்றே தள்ளிப்போடுமேயன்றி, அதற்கு ஈடாகா.

சட்டம் இதை அறியாததல்ல. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு எல்லை வகுத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத்தொகுப்பிலும் அந்த 8 மணி நேர வரம்பு தொடர்கிறது. ஆனால், சரக்கு விடியுமுன் சேரவேண்டும் என்ற கட்டளைக்குமுன் அந்த எல்லை நிற்பதில்லை.

விபத்து நேர்ந்தபின் பொறுப்பு இரண்டாகப் பிரிகிறது. இழப்பீட்டை வண்டி உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் கொடுக்கவேண்டும். சிறைக்குப் போகிறவரோ பெரும்பாலும் ஓட்டுநரே. கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்தியதற்கு முன்பு 2 ஆண்டாக இருந்த உச்ச தண்டனை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி 5 ஆண்டாக உயர்ந்திருக்கிறது. உறங்கவிடாமல் அனுப்பியவர் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது அரிது.

யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். மாடு முட்டி மனிதன் செத்தால், அதன் உரிமையாளன் முன்னமே எச்சரிக்கப்பட்டிருந்தானா என்று நியாயப்பிரமாணம் கேட்கிறது. அறிந்திருந்தும் கட்டிவைக்காதவன் தப்பமுடியாது. 2022 அக்டோபர் 5 இரவு வடக்கஞ்சேரியில், பள்ளிச் சுற்றுலாப் பேருந்து மற்றொரு பேருந்தின் பின்புறம் மோதி 9 பேர் இறந்தபோது, இந்தக் கேள்வியே எழுந்தது. அதன் ஓட்டுநர் வேளாங்கண்ணிப் பயணம் முடிந்து வந்த கையோடு இந்தப் பயணத்துக்கும் புறப்பட்டவர் என்று செய்திகள் வந்தன. வேக எச்சரிக்கைகள் உரிமையாளரின் கைபேசிக்குச் சென்றிருந்தன என்று கூறி, காவல்துறை அவரையும் கைது செய்தது.

பிரியமானவர்களே, இந்தக் கேள்வி நம்மையும் விட்டுவைப்பதில்லை. கன்வென்ஷனுக்கும் கல்யாணத்துக்கும் வேன் பிடிக்கிறோம். இரவெல்லாம் ஓட்டிவந்த தம்பி பகலில் வெயிலில், வண்டிக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறார். நாம் ஆராதித்து, உண்டு, இளைப்பாறி, மறுபடியும் இரவில் அவரை எழுப்புகிறோம். அவருக்கு ஒரு பாயும் மின்விசிறியும் நான்கு சுவருக்குள் சற்று அமைதியும் கொடுக்க நம் சபைகளால் ஆகாதா? தொலைவான பயணத்துக்கு இரண்டாம் ஓட்டுநரின் கூலியை நாமே பகிர்ந்துகொள்ளலாகாதா?

வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இமை கனத்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள். முதலாளியின் கோபம் ஒரு நாளில் தணியும். விபத்து நேர்ந்தால் ஓடி ஒளியாதேயுங்கள். காயப்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்யுங்கள். கூட்டத்துக்கு அஞ்சி அங்கே நிற்கமுடியாவிட்டால், நேரே காவல் நிலையம் சென்று தெரிவியுங்கள்.

தமக்குப் பிரியமானவர்களுக்கு நித்திரை அளிக்கிறவர் நம் தேவன். அவர் அளிக்கும் அந்த ஈவை நம் அவசரத்துக்காக இன்னொருவரிடமிருந்து பறித்துக்கொள்ளாதிருப்போமாக.