பீர் கசந்தது எப்போது நின்றது?

முதல் பீர் யாருக்கும் பிடித்ததில்லை. திண்டிவனத்தில் நாலு பேரைக் கேளுங்கள், விழுப்புரத்தில் நாலு பேரைக் கேளுங்கள், பதில் ஒன்றுதான். வேப்பெண்ணெய் மாதிரி இருந்தது, பக்கத்தில் சீனியர் இருந்ததால் துப்ப முடியவில்லை. அதே ஆள் ஐந்து வருடம் கழித்து, "லைட் பீரா? அது பச்சத்தண்ணி மாப்ள" என்கிறார். நடுவில் மாறியது பீரா, நாக்கா?

நாக்கு கொஞ்சம் மாறுகிறது, உண்மைதான். பீரின் கசப்பு ஹாப்ஸ் என்ற கொடியின் பூவிலிருந்து வருகிறது. கசப்பு என்றால் விஷமாக இருக்கலாம் என்று எச்சரிப்பதற்கென்றே மனிதனிடம் சுமார் 25 வகை உணர்விகள் இருக்கின்றன. சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரியத் தெரிய எச்சரிக்கை பழகிப்போகும். பாகற்காயும் சுண்டைக்காய் வற்றலும் சர்க்கரை இல்லாத காபியும் பிடித்துப்போவது இப்படித்தான்.

பி.காம் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரவேண்டும். குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்று பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தோமே, முதல் ஆரஞ்சுப் பழத்தைவிட இரண்டாவது குறைந்த திருப்தி தரும் என்று? பீரில் தலைகீழாக அல்லவா இருக்கிறது? மார்ஷல் 1890-லேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார். அந்த விதி ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குத்தான், நாளாக ஆக மனிதனின் ரசனையே மாறும் என்றால் அந்தக் கணக்கு வேறு என்கிறார். அதற்கு அவர் தரும் உதாரணங்கள் நல்ல இசையும் குடிப்பழக்கமும். இரண்டும் தின்னத் தின்னப் பசி கூடும் சமாச்சாரங்கள். நம் கைடு புத்தகங்களில் ஆரஞ்சு மட்டும் தங்கிவிட்டது, இந்த வரி எங்கோ விழுந்துவிட்டது.

ஆனால் நாக்கைவிடப் பெரிய விஷயம் கடை. தமிழ்நாட்டில் 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். கடையில் என்ன இருக்கிறதோ அதுதான் பிடித்த பீர். "கிங்ஃபிஷர் இருக்கா?" என்று கேட்டு, இல்லை என்றதும் எதையோ வாங்கி, ஆறு மாதத்தில் அந்த எதையோவுக்கே வக்காலத்து வாங்குபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கத்திரி வெயிலில் அந்தக் கேள்வியும் சுருங்கி, "கூலிங் இருக்கா?" மட்டும் மிச்சம். ஜில்லென்று இருந்தால் வாசனையும் ருசியும் மழுங்கிவிடும், அப்புறம் எந்த பீராக இருந்தால் என்ன.

விழுப்புரத்துக்காரருக்கு மட்டும் ஒரு ஜன்னல் உண்டு. பாண்டி பஸ் ஏறி வளவனூர் தாண்டினால் மதகடிப்பட்டு, அது புதுச்சேரி மாநிலம். விலை குறைவு, வகை அதிகம். இது இன்று நேற்று வந்த ஜன்னல் அல்ல. 1948-லிருந்து 1971 வரை மதராஸ் மாகாணத்திலும் பிறகு தமிழ்நாட்டிலும் மதுவிலக்கு இருந்தபோதும் பாண்டியில் கடை திறந்தே இருந்தது. 1954 வரை அங்கே பிரெஞ்சுக்காரன் ஆட்சி ஆயிற்றே. திரும்பும்போது பையில் பாட்டில் இருந்தால் மதுவிலக்கு போலீஸ் கவனிப்பு கிடைக்கும் என்பதால் அங்கேயே குடித்துவிட்டு வரவேண்டும். லீவு நாள், கடல் காத்து, கூட நாலு ஃப்ரெண்ட்ஸ். "பாண்டி பீரு டேஸ்டே வேற மச்சி!"

வேறதானா? 1964-ல் அமெரிக்காவில் ஆலிசன், உல் என்ற இருவர் லேபிளைக் கழற்றிவிட்டு பீர் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான குடிமக்களால் தங்கள் பிராண்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. லேபிளை ஒட்டியதும் தங்கள் பிராண்டுக்கு மார்க் எகிறியது. 2006-ல் வெளியான இன்னொரு ஆய்வில் பீரில் சில சொட்டு வினிகர் கலந்தார்கள். முன்கூட்டியே சொன்னபோது பலரும் முகம் சுளித்தார்கள். சொல்லாமல் கொடுத்தபோது நிறைய பேர் அதையே விரும்பினார்கள். குடித்த பிறகு சொன்னாலும் அபிப்பிராயம் பெரிதாக மாறவில்லை. இதை இங்கே செய்வது ரொம்ப சுலபம், நம்மூரில் பாட்டிலை எப்படியும் பேப்பரில் சுற்றித்தானே கொண்டு போகிறார்கள் :)

இதுவரை தமாஷ். பீர் பற்றி நம் பக்கத்தில் உள்ள மிகப் பிடிவாதமான அபிப்பிராயம் ருசி பற்றியதே அல்ல. "பீர்தானே!" என்பதுதான் அது. பீர் சரக்கில் சேராது, உடம்புக்குக் குளிர்ச்சி, ஒல்லியானவன் தேறுவான், கிட்னி கல் கரையும். கணக்கு போடுவோம். ஸ்ட்ராங் பீர் 650 மில்லி, 8 சதவீதம் என்றால் 52 மில்லி ஆல்கஹால். ஒரு குவார்ட்டர் பிராந்தி 180 மில்லி, 42.8 சதவீதம் என்றால் 77 மில்லி. ரெண்டு ஸ்ட்ராங் பீர் 104 மில்லி, அதாவது ஒரு குவார்ட்டரும் அதற்கு மேல் சொச்சமும். "நான் ஹாட் தொடறதில்ல" என்று வீட்டில் சத்தியம் செய்பவர்கள் இந்த வரியை ஒருமுறை கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம்.

அடுத்த கட்டத்தில் அதே கணக்கு வேறு வழியில் வேலை செய்கிறது. கிக்குக்கு எத்தனை ரூபாய் என்று பார்க்க ஆரம்பித்த நாளில் லைட் போய் ஸ்ட்ராங் வரும். பிறகு ஸ்ட்ராங்கும் "ஏறல" என்று ஆகி கட்டிங் வரும். கேட்டால் "டேஸ்ட் மாறிடுச்சு" என்பார்கள். மாறியது டேஸ்ட் இல்லை, தாங்கும் அளவு.

அந்தக் கணக்குக்கும் காசு இல்லாதவர்கள் இதே மாவட்டத்தில் இருந்தார்கள். 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேல். பீர் கசக்கிறதா இல்லையா என்று ஒரு அபிப்பிராயம் வைத்துக்கொள்ளவே கையில் கொஞ்சம் காசு வேண்டியிருக்கிறது.

தப்பித்து ஐம்பதைத் தாண்டியவர்களில் ஒரு ரகம் உண்டு. டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லியிருப்பார், இவர் ஹாட்டை மட்டும் நிறுத்திவிட்டு "பீர்தானே" என்று ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வருவார். ஒரு வாய் குடித்துவிட்டு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"அப்பல்லாம் பீரு நல்லா கசக்கும்பா. இப்ப வர்றதுல கசப்பே இல்ல."